பிரைமரி தேர்தலில் ஒரு முற்போக்கு வேட்பாளருக்காக உழைப்பது எப்படி: அமெரிக்கத் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

2022 மே 17 அன்று, பிட்ஸ்பர்க் நகரையும் அதைச் சுற்றியுள்ள எஃகு ஊர்களையும் கொண்ட பென்சில்வேனியா 12-ஆவது காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், நடந்தது. தொகுதியின் மக்கள்தொகை சுமார் 7 லட்சத்து 65 ஆயிரம். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானித்த வாக்குகளோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். முற்போக்கு வேட்பாளரான சம்மர் லீயைத் தோற்கடிக்க வெளியமைப்பு ஒன்று 20 லட்சம் டாலருக்கும் மேல் விளம்பரங்களில் செலவழித்தபோதும், அவர் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நவம்பரில் பொதுத்தேர்தலிலும் வென்று, பென்சில்வேனியாவிலிருந்து காங்கிரசுக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதே மே மாதத்தில், டெக்சஸ் 28-ஆவது தொகுதியின் இரண்டாம் சுற்றில், எண்ணெய்த் தொழிலுக்கு நெருக்கமான ஹென்றி குவேயரை எதிர்த்து நின்ற ஜெசிகா சிஸ்நெரோஸ், மறு எண்ணிக்கைக்குப் பிறகு 289 வாக்குகளில் தோற்றார்.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, தனி மனிதரின் உழைப்புக்கு எடை கூடும் இடம் பிரைமரி என்பது விளங்கும். பெருநகரத் தொகுதிகள் பலவற்றில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. எந்தக் கட்சி வெல்லும் என்பது முன்பே தெரியும். அந்தக் கட்சிக்குள் யார் என்பது மட்டும்தான் கேள்வி, அதற்கு விடை கோடைக்கு முன்னால் ஒரு சிறு கூட்டத்தால் சொல்லப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் தமிழர்கள் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள். நான் நன்கறிந்த பிட்ஸ்பர்க் பகுதியை உதாரணமாகக் கொண்டு, முதல் நாளிலிருந்து தேர்தலுக்கு மறுநாள் வரை செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் குடியுரிமை நிலை எதை அனுமதிக்கிறது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. மத்திய, மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க உரிமை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரோ விசாவில் இருப்பவரோ தவறுதலாகக்கூட வாக்காளராகப் பதிவு செய்துவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும். வாக்களித்தும் விட்டால் அது மத்திய அரசின் சட்டப்படி குற்றம், நாடுகடத்தல் வரை போகக்கூடும். பென்சில்வேனியாவில் 2023 செப்டம்பர் முதல் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே, தகுதியுள்ளவரை, அவர் மறுத்தாலொழிய, வாக்காளராகப் பதிவு செய்யும் முறை நடைமுறையில் உள்ளது. எனவே குடியுரிமை பெறாதவர்கள் அங்குள்ள திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படித்த பிறகே விரலை வைக்க வேண்டும்.

நன்கொடை கொடுக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உடையவர்களுக்கும் உரிமை உண்டு. ஹெச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கணவர் ஹெச்-1பி, மனைவி கிரீன் கார்டு என்றால், கணவரின் பணத்தை மனைவியின் பெயரில் அனுப்புவதும் குற்றமே, ஏனெனில் ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பதைச் சட்டம் தனியாகத் தடை செய்கிறது. ஆனால் ஊதியம் வாங்காமல் தன்னார்வலராகக் கதவு தட்டவும் தொலைபேசியில் பேசவும் விசாவில் இருப்பவர்களுக்கும் தடை இல்லை. பிரச்சாரத்தின் பணத்தையோ உத்தியையோ தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இருக்கக் கூடாது. சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று அழைத்தால் பணிவாக மறுத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: வாக்காளர் பதிவும் கட்சிப் பதிவும்

பென்சில்வேனியாவில் பிரைமரி மூடிய முறையில் நடக்கிறது. ஜனநாயகக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்திருந்தால்தான் அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு கிடைக்கும். குடியுரிமைச் சடங்கு முடிந்த உற்சாகத்தில் பதிவு செய்யும் நம்மவர்களில் பலர் கட்சிக் கட்டத்தில் ‘எதுவுமில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மே மாதத்தில் வாக்குச்சாவடியில் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். பதிவும் கட்சி மாற்றமும் தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தேர்தல் வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய். அதிபர் தேர்தல் ஆண்டில் ஏப்ரலின் நான்காம் செவ்வாய்.

நியூயார்க்கில் கட்சி மாற்றத்துக்கான கெடு ஜூன் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்னதாக, பிப்ரவரி 14-லேயே முடிந்துவிடும். டெக்சஸிலும் இல்லினாயிலும் கட்சிப் பதிவு தேவையில்லை, எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சாவடியிலேயே கேட்கலாம். கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நின்று, முதல் இருவர் நவம்பருக்குப் போகிறார்கள்.

மூன்றாம் படி: எந்தப் பதவி என்று தேர்ந்தெடுத்தல்

சுற்றுச்சூழல் என்றவுடன் எல்லோர் கண்ணும் வாஷிங்டனை நோக்கிப் போகிறது. உங்கள் வீட்டின் மேல் வீசும் காற்றைப் பற்றிய முடிவை எடுப்பவர் பெரும்பாலும் மிக அருகில் இருப்பவர் என்பதே என் அனுபவம். பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகேனி கவுண்டியில் காற்றின் தரத்தைக் கண்காணிப்பதும், ஆலைகளுக்கு அனுமதி தருவதும், அபராதம் விதிப்பதும் கவுண்டியின் சுகாதாரத் துறை. அந்தத் துறையை வழிநடத்தும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் கவுண்டி நிர்வாகத் தலைவர். அவரோ மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். 2023 மே பிரைமரியில் சாரா இன்னமொராட்டோ வென்றது அந்தப் பதவிக்குத்தான். அதே போல, சில மாநிலங்களில் மின்கட்டணத்தையும் மின்நிலையங்களையும் தீர்மானிக்கும் ஆணையத்தின் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜார்ஜியாவில் 2025 நவம்பரில் அப்படிப்பட்ட இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி கைப்பற்றியது. கட்டண உயர்வுதான் அங்கே பேச்சாக இருந்தது. இத்தகைய பதவிக்கான பிரைமரியில் முப்பது தன்னார்வலர்களே பெரிய படை.

மத்திய அரசின் கவசம் மெலிந்துவிட்ட காலம் இது என்பதாலும் உள்ளூர்ப் பதவிகள் முக்கியமாகின்றன. 1982-இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில் நச்சு மண்ணைக் கொட்டுவதற்கு எதிராக நடந்த போராட்டத்திலிருந்துதான் ‘சுற்றுச்சூழல் நீதி’ என்ற சொல் பரவலானது. 1994-இல் அதிபர் கிளின்டன், ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் பகுதிகளின் மீது மாசுச் சுமை கூடுதலாக விழுவதை அரசுத் துறைகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்த ஆணை 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது.

நான்காம் படி: வேட்பாளரை எடைபோடுதல்

‘முற்போக்கு’ என்று தன்னை அழைத்துக்கொள்ளாத ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இன்று நகரங்களில் அரிது. எனவே சொல்லை விட்டுவிட்டு மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, பணம். காங்கிரஸ் வேட்பாளர்களுக்கு மொத்தமாக 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரும் வேலையும் மத்திய தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி நிறுவனங்களின் நிர்வாகிகளிடமிருந்தும் அவற்றின் அரசியல் குழுக்களிடமிருந்தும் 200 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என்ற உறுதிமொழியில் பல வேட்பாளர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். உங்கள் வேட்பாளர் இட்டாரா என்று பாருங்கள், இட்டபின் பட்டியலோடு ஒப்பிட்டும் பாருங்கள். பென்சில்வேனியாவின் மாநிலப் பதவிகளுக்குத் தனிநபர் நன்கொடையில் உச்சவரம்பே இல்லை என்பதால், அங்கே இந்தத் தேடல் இன்னும் அவசியம்.

இரண்டாவது, வாக்களித்த வரலாறு. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது பொதுப் பதிவு. சுற்றுச்சூழல் வாக்காளர் அமைப்பான லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் மதிப்பெண் வெளியிடுகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிற்காமல், எந்த வாக்கெடுப்பில் சறுக்கினார் என்பதைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவதுதான் நான் அதிகம் நம்புவது. வேட்பாளரைச் சந்திக்கும்போது, “நம் தொகுதியில் எந்த ஆலையின் புகை எந்தப் பள்ளியின் மேல் படிகிறது?” என்று கேளுங்கள். பருவநிலை மாற்றம் குறித்த அழகான பேச்சு யாருக்கும் வரும். நிலக்கரியைச் சுட்டு எஃகாலைகளுக்கான கோக் எரிபொருளைச் செய்யும் கிளேர்ட்டன் ஆலையிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் எந்த ஊர்களில் எந்த நேரத்தில் கனக்கிறது என்பதும், பேருந்துத் தடம் நின்றுபோனதால் எஃகு ஊரான பிராடக்கிலிருந்து மருத்துவமனைக்குப் போக எத்தனை வண்டி மாற வேண்டியிருக்கிறது என்பதும், அங்கே நடந்தவருக்குத்தான் தெரியும். சமூக நீதியையும் சுற்றுச்சூழலையும் இரண்டு தனித்தனித் தலைப்புகளாகப் பேசுகிறவரைவிட, வாடகை, ஆஸ்துமா, பேருந்து, சம்பளம் என்று ஒரே தெருவிலிருந்து பேசத் தொடங்குகிறவரை நான் தேர்ந்தெடுப்பேன்.

தமிழராக நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கூடுதலாக உண்டு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். உங்கள் வேட்பாளர் இதில் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். சமூக நீதி என்ற சொல்லை நம் ஊரிலிருந்து சுமந்து வந்தவர்கள் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

ஐந்தாம் படி: வேட்புமனுக் கையெழுத்து

பெயர் சீட்டில் ஏற வேண்டுமானால் முதலில் கையெழுத்து வேண்டும். பென்சில்வேனியாவில் காங்கிரஸ் பதவிக்கு 1,000 கையெழுத்துகள், குளிர்காலத்தின் மூன்று வாரங்களுக்குள். கையெழுத்திடுபவர் அந்தத் தொகுதியில், அந்தக் கட்சியில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்; ஒரு பதவிக்கு ஒருவருக்குத்தான் இடலாம். எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடும் என்பதால், தேவையானதைப் போல் இரு மடங்கு திரட்டுவதும், பதிவில் உள்ளபடியே பெயரும் முகவரியும் தெளிவாக எழுதப்படுவதும் முக்கியம். படிக்க முடியாத கையெழுத்து ஒரு வாக்கை இழப்பதைவிட மோசமானது.

ஆறாம் படி: நன்கொடை

காங்கிரஸ் பதவிகளுக்கு 2025–26 காலத்தில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை தரலாம். பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனித் தேர்தல்கள். பெரும்பாலோருக்கு அந்த எல்லை தேவைப்படாது. மாதம் 20 டாலர் என்று முன்கூட்டியே தொடங்குவது, கடைசி வாரத்தில் 200 டாலர் அனுப்புவதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் அலுவலக வாடகையும் களப் பொறுப்பாளரின் சம்பளமும் ஜனவரியிலேயே உறுதியாக வேண்டும்.

ஏழாம் படி: கதவு தட்டுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பணத்தால் வாங்க முடியாத ஒரே பொருள், வாசலில் நின்று பேசும் அண்டை வீட்டார்.

பிரச்சார அலுவலகம் உங்களுக்கு ஒரு செயலியில் சில தெருக்களைப் பிரித்துக் கொடுக்கும். பட்டியலில் எல்லா வீடுகளும் இருக்காது. முந்தைய பிரைமரிகளில் வாக்களித்தவர்களின் வீடுகளே அதிகம் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம், வாக்களித்தாரா என்பது பொதுப் பதிவு. ஒவ்வொரு உரையாடலுக்குப் பிறகும், உறுதியான ஆதரவு முதல் உறுதியான எதிர்ப்பு வரை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைப் பதிய வேண்டும். அதை நேர்மையாகப் பதியுங்கள். மரியாதைக்காகப் புன்னகைத்தவரை ‘ஒன்று’ என்று குறித்தால், கடைசி நான்கு நாட்களில் அலுவலகம் தவறான கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கதவு தட்டி அரசியல் பேசுவதற்கு ஊராட்சியிடம் முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்திருக்கிறது. துண்டறிக்கையை அஞ்சல் பெட்டிக்குள் மட்டும் போடக் கூடாது, அது மத்திய சட்டத்துக்கு எதிரானது. கதவிடுக்கில் செருகிவிட்டு வரலாம். இருவர் இருவராகப் போங்கள். இருட்டும் முன் முடித்துவிடுங்கள்.

என்ன பேசுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வேட்பாளரின் பெயரில் தொடங்காமல், “இந்தத் தெருவில் உங்களுக்கு எது பெரிய தொல்லை?” என்று தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். மொனொங்கஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பேசுகிறவர்களுக்குப் பள்ளத்தாக்கின் நினைவுகள் தெரிந்திருக்க வேண்டும். 1948 அக்டோபரில் டொனோராவில், மலைகளுக்கு நடுவே மேலெழாமல் தங்கிய ஆலைப் புகையில் 20 பேர் இறந்தார்கள். கீழே குளிர்ந்த காற்றை மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று மூடி வைக்கும் அதே நிலை இன்றும் அந்தப் பள்ளத்தாக்கின் விடியல்களில் வருகிறது.

ஆலைத் தொழிலாளியின் வீட்டு வாசல்தான் கடினமான வாசல். “உன் வேட்பாளர் வந்தால் என் வேலை போகும்” என்று அவர் சொல்வார். அதைத் தவறு என்று வாதிடாதீர்கள்; ஆலை மூடிய ஊர் எப்படியிருக்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர், நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டவர். பிராடக்கில் 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்சன் எஃகாலை இன்றும் இயங்குகிறது, அதைச் சுற்றியிருந்த ஊரில் பெரும்பகுதி காலியாகிவிட்டது. ஆலையின் புகையை முதலில் சுவாசிப்பவர் அந்தத் தொழிலாளிதான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். 2025 ஆகஸ்ட் 11 அன்று கிளேர்ட்டன் கோக் ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இறந்த இருவரும் அங்கே வேலை பார்த்தவர்கள். கோக் உலையின் மேல்தளத்தில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இந்தக் கவுண்டியின் எஃகுத் தொழிலாளர்களை ஆராய்ந்தே கண்டறியப்பட்டது. எஃகுத் தொழிற்சங்கம் விடாமல் போராடியதால்தான் 1976-இல் கோக் உலை வாயுக்களுக்கான பாதுகாப்பு விதி வந்தது. எனவே, காற்றுக்கும் கூலிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தொழிலாளியின் வரலாறு அல்ல, முதலாளியின் வாதம். உங்கள் வேட்பாளரிடம் தொழில் மாறும் காலத்துக்கான ஊதியம், ஓய்வூதியப் பாதுகாப்பு, புதிய தொழிலில் சங்க உரிமை ஆகியவற்றுக்கு எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த வாசலுக்குப் போகும் முன் அவரிடமே போய்க் கேளுங்கள்.

எட்டாம் படி: நம் மக்களிடம் பேசுதல்

1976-இல் எழுந்த பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பல மாநிலங்களிலிருந்து தமிழர்கள் வருகிறார்கள். அங்கிருந்து பிராடக்கின் புகைபோக்கிகள் சில மைல் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்தத் தூரத்தை நம் வீட்டுப் பேச்சில் குறைப்பதே இந்தப் படியின் வேலை.

கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புகள் என்பதால், அவற்றின் மேடையிலோ வாட்ஸாப் குழுவிலோ சங்கத்தின் பெயரால் ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. கட்சி சாராமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். எல்லா வேட்பாளர்களையும் அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடத்தலாம். உங்கள் வேட்பாளருக்கான கூட்டத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையில் வையுங்கள். பத்துக் குடும்பங்கள், இட்லி, ஒரு மணி நேரம், வேட்பாளருக்கு முழுக் கேள்வி நேரம் என்றிருந்தால் போதும்.

குடியுரிமை பெற்ற அப்பா அம்மாவை மறந்துவிடாதீர்கள். கண் பார்வையோ உடல் நிலையோ எழுத்தறிவோ தடையாக இருப்பவர், தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்று வாக்களிக்க வாக்குரிமைச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் துணை அவருடைய முதலாளியாகவோ அவர் சார்ந்த தொழிற்சங்கத்தின் பிரதிநிதியாகவோ மட்டும் இருக்கக் கூடாது. மகளோ மருமகனோ உடன் நின்று தமிழில் படித்துச் சொல்லலாம்.

ஒன்பதாம் படி: தபால் வாக்கும் தேர்தல் நாளும்

பென்சில்வேனியாவில் தபால் வாக்குச்சீட்டை முதலில் உள்ளுறையில் வைத்து, அதன்பின் வெளியுறையில் இட வேண்டும். உள்ளுறை இல்லாமல் வந்த சீட்டு எண்ணப்படாது. வெளியுறையில் கையெழுத்தும் அன்றைய தேதியும் இடுங்கள். தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் அது அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும். அஞ்சல் முத்திரையின் தேதி உதவாது. எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் பிறந்த தேதியை அந்த இடத்தில் எழுதிவிட்டு, அதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்துத் திருத்த அவர் பேத்தி படாத பாடு பட்டாள். தன்னார்வலர்கள் மற்றவர்களின் சீட்டைத் திரட்டி எடுத்துப் போகக் கூடாது. உடல் ஊனமுற்றவர் எழுத்தில் நியமித்தவர் தவிர, அவரவர் சீட்டை அவரவரே சேர்க்க வேண்டும்.

தேர்தல் நாளன்று சாவடி காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. பிரச்சாரம் செய்பவர்கள் சாவடியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி நிற்க வேண்டும். அன்று புதிதாக யாரையும் மனம் மாற்ற முயல வேண்டாம். ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று குறித்த வீடுகளுக்கே திரும்பப் போய், எத்தனை மணிக்கு, எந்தச் சாவடிக்கு, யார் வண்டியில் என்று கேட்டு முடிவு செய்து வைப்பதே அன்றைய வேலை.

பத்தாம் படி: மறுநாள்

வென்ற இடம் தானாக நிலைக்காது. 2020 பிரைமரிகளில் நெடுங்கால உறுப்பினர்களைத் தோற்கடித்த ஜமால் போமனும் கோரி புஷ்ஷும் 2024 பிரைமரிகளில் தோற்றார்கள். சம்மர் லீ அதே ஆண்டு ஏப்ரலில் மறுபடி வென்றார். தோற்றால், உங்கள் தெருப் பட்டியலையும் தொலைபேசி எண்களையும் பத்திரப்படுத்துங்கள், கட்சியின் உள்ளூர்க் குழுவில் காலியாக இருக்கும் இடங்களுக்கு நில்லுங்கள். அவையும் பிரைமரி சீட்டிலேயே வருகின்றன. வென்றாலும் தோற்றாலும், பெரிய ஆலைகளின் காற்று மாசு அனுமதி புதுப்பிக்கப்படும்போது குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு. கவுண்டி சுகாதாரத் துறை அடுத்த அனுமதியை எப்போது எடுத்துக்கொள்கிறது என்று பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள், நீங்கள் கதவு தட்டியபோது நாற்றத்தைப் பற்றிப் பேசியவர்களை அழைத்துக்கொண்டு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள், வேட்பாளரையும் வரச் சொல்லுங்கள்.